வென்ற பிறகும் தீராத செலவு: நிறுவனங்களும் நீதிமன்ற வழக்குகளும்

ஒரு நிறுவனத்தின் மீது உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, ரிட் சம்மன் அதன் பதிவு அலுவலகத்துக்கு வந்து சேர்ந்த நாளிலேயே செலவுக் கணக்கு ஓடத் தொடங்கிவிடுகிறது. தீபகற்ப மலேசியாவில் அந்தச் சம்மனுக்கு 14 நாளுக்குள் ஆஜராவதாகப் பதிவு செய்தாக வேண்டும். அடுத்த 14 நாளுக்குள் எதிர்வாத மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும். இரண்டில் எதைத் தவறவிட்டாலும், வழக்குப் போட்டவர் சொல்வது சரியா தவறா என்ற விசாரணையே இல்லாமல் அவர் தீர்ப்பு வாங்கிக்கொண்டு போகலாம். தனி மனிதர் தமக்காகத் தாமே வாதாடலாம். நிறுவனத்துக்கு அந்த வசதி கிடையாது. சம்மனுக்கு ஆஜராவதாகப் பதிவு செய்வது வரை அதன் அதிகாரி ஒருவர் போதும். அதற்கு மேல் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் வழக்கறிஞர் வேண்டும் என்று நீதிமன்ற விதி சொல்கிறது. வழக்கு எவ்வளவு உப்புச் சப்பில்லாததாக இருந்தாலும் இந்த முதல் செலவுக்குத் தப்ப முடியாது.

அது எங்கே போய் முடியும் என்பதற்குப் பேராக்கில் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. ஈப்போவுக்குத் தெற்கே, லஹாட்டுக்கு அருகில் உள்ள புக்கிட் மேரா புதுக்கிராமத்தில் ஏசியன் ரேர் எர்த் என்ற நிறுவனம் 1982இல் ஆலையைத் தொடங்கியது. ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கல் குழுமத்துக்கு அதில் 35 விழுக்காட்டுப் பங்கு. பிஇஎச் மினரல்ஸ் நிறுவனத்துக்கும் அதே அளவு. ஹஜ் யாத்திரைச் சேமிப்பு வாரியமான தாபோங் ஹாஜியும் பங்குதாரர்களில் ஒன்று. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களில் ஈயத்தைப் பிரித்தெடுத்த பின் மிஞ்சும் கனமான மணலை அமாங் என்பார்கள். அதில் மோனசைட் என்ற தாது கலந்திருக்கும். அந்தத் தாதுவிலிருந்து வண்ணத் தொலைக்காட்சிக் குழாய்களுக்குத் தேவைப்பட்ட இட்ரியம் போன்ற அருமண் தனிமங்களைப் பிரிப்பதுதான் ஆலையின் வேலை. பிரித்தது போக மீதி நிற்பது தோரியம் கலந்த கதிரியக்கக் கழிவு.

இந்தக் கழிவை எங்கே கொட்டுவது என்பதில்தான் சிக்கல் தொடங்கியது. முதலில் பாரிட் வட்டாரம் பேசப்பட்டது. அங்கே எதிர்ப்பு எழுந்ததும் பாப்பானில் குழிகள் வெட்டப்பட்டன. 1984இல் பாப்பான் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அரசாங்கம் அழைத்து வந்த அனைத்துலக அணுசக்தி முகமையின் நிபுணர்களே அந்தக் குழிகள் பாதுகாப்பானவை அல்ல என்று கூறினார்கள். 1985 ஜனவரியில் இடம் கிளேடாங் மலைத்தொடரில் உள்ள முக்கிம் பெலாஞ்சாவுக்கு மாறியது. இதற்கிடையே கழிவு ஆலையைச் சுற்றியே தங்கிக் கிடந்தது.

1985 பிப்ரவரி 1 அன்று புக்கிட் மேரா குடியிருப்பாளர் எட்டுப் பேர் ஈப்போ உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். தங்களுக்காக மட்டும் அல்லாமல், ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் வாழும் ஏறத்தாழ 10,000 பேருக்காகவும் சேர்த்துப் போட்ட பிரதிநிதித்துவ வழக்கு அது. அந்த வகை வழக்குக்கு ஒரு தனித் தன்மை உண்டு. நிறுவனம் எட்டுப் பேரில் நான்கு பேரைத் தனியே கூப்பிட்டுப் பேசிச் சமாதானம் செய்துவிட்டாலும் வழக்கு நிற்கும். இன்னொன்று, வழக்காடுபவரிடம் பணம் இல்லை, தோற்றால் செலவைக் கட்டமாட்டார் என்று அஞ்சும் பிரதிவாதி, ‘செலவுக்கு முன்கூட்டியே பிணைத்தொகை கட்டச் சொல்லுங்கள்’ என்று நீதிமன்றத்தைக் கேட்கலாம். வெளிநாட்டில் வசிப்பவர், பெயரளவுக்கு வழக்குப் போட்டவர் போன்றோரிடம் அப்படிப் பிணை கேட்க விதி இடம் தருகிறது. ஊருக்காக நிற்கும் பிரதிநிதிகளை அந்தப் பெயரளவு வகையில் சேர்க்க முடியாதென்று அதே விதி விலக்களிக்கிறது. ஏழ்மை மட்டும் பிணை கேட்கப் போதுமான காரணம் ஆகாது.

1985 அக்டோபர் 14 அன்று நீதிபதி அனுவார் ஜைனல் அபிடின் இடைக்காலத் தடை விதித்தார். போதிய பாதுகாப்பு ஏற்பாடுகள் செய்யும்வரை கதிரியக்கக் கழிவை உண்டாக்குவதோ சேமித்து வைப்பதோ கூடாது என்பது உத்தரவு. கழிவு இல்லாமல் தாதுவைப் பிரிக்க முடியாது என்பதால், நடைமுறையில் இது ஆலையை நிறுத்தும் உத்தரவாகவே இருந்தது. வழக்கு விசாரணைக்கே வரவில்லை, அதற்குள் வருமானம் நின்றுவிட்டது. வழக்கறிஞரின் பில்லில் இந்த இழப்பு ஒரு வரியாகக்கூட இடம்பெறாது. நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்திலோ மற்றெல்லாச் செலவையும் விழுங்கக்கூடியது இதுதான். ஆலை ஓடாவிட்டாலும் சம்பளம், வங்கிக் கடன் வட்டி, காவல், இயந்திரப் பராமரிப்பு நிற்பதில்லை. வாங்குபவர் வேறு இடம் தேடிப் போய்விட்டால் திரும்பி வருவார் என்ற உறுதியும் இல்லை.

பாதுகாப்பு ஏற்பாடுகளுக்காக 20 லட்சம் வெள்ளிக்கு மேல் செலவிட்டதாக 1986இல் நிறுவனம் அறிவித்தது. அளவீடுகளைச் சரிபார்க்க அமெரிக்க நிபுணர் ஒருவரையும் வரவழைத்தது. 1987 பிப்ரவரியில் அணுசக்தி உரிம வாரியம் உரிமம் கொடுக்க, ஆலை மீண்டும் ஓடியது. ஊர் மக்கள் மறுபடியும் ஊர்வலம் போனார்கள்.

முழு விசாரணை 1987 செப்டம்பர் 7 அன்று தொடங்கியது. விசாரணைக்காகக் கிராமத்து மக்கள் திரளாகக் கிளம்பி, சிலர் கால்நடையாகவே, ஈப்போ பழைய நகரின் நீதிமன்றக் கட்டடத்துக்கு வந்தார்கள். அடுத்த மாதமே லாலாங் நடவடிக்கை என்ற கைது வேட்டை. மக்களின் வழக்கறிஞர் மீனாட்சி ராமனும் எதிர்ப்புக் குழுவின் முன்னணியினரும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் கைதானார்கள். வழக்கு நடுவிலே நின்று, பிறகு தொடர்ந்து, 1990 பிப்ரவரியில்தான் விசாரணை முடிந்தது. இரண்டரை ஆண்டுக் காலத்தில் 65 நாள் சாட்சி விசாரணை.

65 நாள் என்பதை வெள்ளிக் கணக்கில் பார்த்தால்தான் பாரம் தெரியும். வழக்கறிஞர் குழு நீதிமன்றத்தில் நிற்கும் ஒரு நாளுக்கு இன்றைய மதிப்பில் 8,000 வெள்ளி, அந்த ஒரு நாளுக்கான தயாரிப்புக்கு அதே அளவு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். விசாரணைக்கு மட்டும் 10 லட்சத்து 40 ஆயிரம் வெள்ளி ஆகிறது. மனுக்கள், இடைக்கால விண்ணப்பங்கள், மேல்முறையீடு, பயணம், தட்டச்சு, நகலெடுப்பு எதுவும் இதில் சேரவில்லை. மலேசியாவில் ‘ஜெயித்தால் பங்கு கொடுங்கள், தோற்றால் ஒன்றும் வேண்டாம்’ என்று வழக்கறிஞர் ஒப்பந்தம் போடுவதை 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் தடுக்கிறது. அப்படியே அனுமதித்தாலும், பங்கு பிரிக்கப் பெரும்பாலும் எதுவும் கிடைக்காத பிரதிவாதிக்கு அதனால் பெரிய பயன் இல்லை. வழக்கு ஓட ஓட அது கட்டிக்கொண்டே போக வேண்டியதுதான்.

அறிவியல் வழக்கில் வழக்கறிஞரைவிட நிபுணர் சாட்சிக்கு அதிகம் செலவாவதும் உண்டு. புக்கிட் மேரா வழக்கில் ஜப்பானிய மரபியல் பேராசிரியர் சடாவோ இச்சிகாவா ஆலையைச் சுற்றி அளந்து, சில இடங்களில் கதிரியக்கம் அனுமதிக்கப்பட்ட அளவைப் போலப் பல நூறு மடங்கு இருப்பதாகக் கூறினார். கனடாவின் ரோசலி பெர்டல் போன்ற வெளிநாட்டு வல்லுநர்களும் மக்கள் பக்கம் நின்றார்கள். இதற்குப் பதில் சொல்ல நிறுவனம் தன் நிபுணர்களைக் கொண்டுவர வேண்டும். அவர்கள் வந்தால் போதாது. வேலிக்கு வெளியே எந்த இடத்தில், எந்தக் கருவியால், எந்த நாளில் அளந்தார்கள் என்ற பதிவேடு வேண்டும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும் முதல் கேள்வியே அந்தப் பதிவேட்டைப் பற்றித்தான் இருக்கும். அதனால் வழக்கு முடியும்வரை அளவெடுப்பதும் ஒரு தனிச் செலவாகத் தொடர்கிறது.

ஆவணங்களைத் திரட்டும் வேலையை வெளியே இருப்பவர்கள் எளிதில் உணர்வதில்லை. வழக்குக்குத் தொடர்புடைய தாள்களை, தனக்குப் பாதகமானவை உட்பட, எதிர்த்தரப்புக்குக் காட்டும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். கழிவு ஏற்றிய லாரிச் சீட்டுகள், தொழிலாளர் அணிந்த கதிரியக்க அளவிப் பட்டைகளின் மாதக் கணக்கு, நிர்வாகக் கூட்டக் குறிப்புகள், தலைமை அலுவலகத்தோடு நடந்த கடிதப் போக்குவரத்து என இத்தனையையும் ஒருவர் உட்கார்ந்து தேதி வாரியாக அடுக்க வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் ஆலை மேலாளர்தான், ஏனென்றால் எது எங்கே இருக்கிறதென்று அவருக்குத்தான் தெரியும். அவர் சாட்சிக்கூண்டில் ஏறப்போவதும் உறுதி. ஆகவே மாதக்கணக்கில் அவருடைய வேலை நேரம் வழக்கறிஞர் அலுவலகத்தில் கரைகிறது. இதற்குப் பில் யாரும் அனுப்புவதில்லை, அதனாலேயே நிர்வாகக் குழுக்கள் இதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகின்றன.

1992 ஜூலை 11 அன்று நீதிபதி பே சுவீ சின் மக்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து, 14 நாளில் ஆலையை மூடச் சொன்னார். நிறுவனம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. மூடல் உத்தரவு உடனடியாக நிறுத்தி வைக்கப்பட்டது. ஆலை மூடினால் நிறுவனமும் 183 தொழிலாளரும் துன்பப்படுவார்கள் என்பது ஆகஸ்ட் 5 அன்று அந்தத் தடையை நீட்டித்தபோது சொல்லப்பட்ட காரணம். 1993 டிசம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்தது. நிறுவனத்தின் நிபுணர்கள் சொன்னதே நம்பத்தக்கது, குடியிருப்பாளர்கள் முதலில் அணுசக்தி உரிம வாரியத்திடம் உரிமத்தை ரத்து செய்யக் கேட்டிருக்க வேண்டும் என்பவை அதன் காரணங்கள். சட்டக் கணக்கில் நிறுவனத்துக்கு முழு வெற்றி. ஒரு மாதம்கூட ஆகவில்லை, 1994 ஜனவரி 19 அன்று ஆலையை மூடப்போவதாக அதே நிறுவனம் அறிவித்தது.

வென்றவருக்குச் செலவு திரும்பக் கிடைக்காதா என்ற கேள்வி இயல்பாக எழும். இங்கிலாந்தின் வழியில் மலேசியாவிலும் தோற்றவர் வென்றவரின் செலவைத் தர வேண்டும் என்பதே பொது விதி. அமெரிக்காவில் அவரவர் செலவு அவரவரோடு. ஆனால் மலேசிய நீதிமன்றம் தரச் சொல்லும் ‘செலவுத் தொகை’ வழக்கறிஞருக்கு உண்மையில் கொடுத்த பணம் அன்று. வழக்கின் சிக்கல், ஆவணங்களின் அளவு, வழக்கறிஞரின் திறமையும் உழைப்பும் ஆகியவற்றைப் பார்த்து நீதிபதி நிர்ணயிக்கும் ஒரு தொகை அது. கொடுத்ததில் ஒரு பகுதியையே அது ஈடுகட்டும். அந்தத் தொகையை வசூலிக்கச் சான்று பெறுவதற்கே 4 விழுக்காடு கட்டணம் கட்ட வேண்டும். அப்புறமும் எதிரே நிற்பவர்கள் ஒரு புதுக்கிராமத்தின் எட்டுக் குடும்பங்கள் என்றால், அவர்களுடைய வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவந்து வசூலிக்கும் துணிவு எத்தனை நிறுவனத்துக்கு வரும்? வந்தாலும், அந்தச் செய்தி மறுநாள் பத்திரிகையில் வரும்போது ஏற்படும் இழப்பு வசூலான தொகையைவிடப் பெரிதாக இருக்கும்.

காப்புறுதி ஒரு பாதுகாப்புத்தான், ஆனால் ஓட்டைகள் உள்ள பாதுகாப்பு. பொதுப் பொறுப்புக் காப்புறுதி எடுத்திருக்கும் நிறுவனத்துக்காகக் காப்புறுதிக்காரரே வழக்கறிஞரை அமர்த்துவார், கட்டணமும் கொடுப்பார். பல பத்திரங்களில் அந்தக் கட்டணம் காப்புறுதித் தொகைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. வழக்குக்குச் செலவாகும் ஒவ்வொரு வெள்ளியும் இழப்பீட்டுக்கு எஞ்சியிருப்பதைக் குறைக்கிறது என்று பொருள். கதிரியக்கத்தால் வரும் கேடு வழக்கமான பத்திரங்களில் வெளிப்படையாகவே விலக்கப்பட்டிருக்கும். காலப்போக்கில் மெல்ல மெல்லப் பரவும் மாசுக்கும் பெரும்பாலும் அதே கதி. மிகப் பெரிய வழக்கு எங்கிருந்து வரக்கூடுமோ, அந்த மூலையைத்தான் காப்புறுதி முதலில் கைவிடுகிறது.

வழக்கு நிலுவையில் இருக்கும்போது ஆண்டுக் கணக்கிலும் அது தலைகாட்டும். பணம் கொடுக்க வேண்டி வருவதற்கே அதிக வாய்ப்பு என்று நிர்வாகம் கருதினால், நியாயமாக மதிப்பிட்ட தொகையை ஒதுக்கீடாகக் காட்டி அந்த ஆண்டு இலாபத்தில் கழிக்க வேண்டும். வாய்ப்பு அதைவிடக் குறைவு, ஆனாலும் புறக்கணிக்கக்கூடியதில்லை என்றால், அடிக்குறிப்பில் வெளியிட்டால் போதும். வங்கி அதிகாரி முதலில் படிப்பது அந்த அடிக்குறிப்பைத்தான். கடன் புதுப்பித்தல் தள்ளிப்போவதும், வட்டி ஏறுவதும், பங்கு வாங்க வந்தவர் ‘வழக்கு முடியட்டும்’ என்று எழுந்து போவதும் அங்கிருந்து தொடங்குகின்றன.

எல்லா வழக்கும் இந்த அளவுக்குப் போவதில்லை. பேராக்கில் ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிய ஆண்டுகளில், தோட்டத் தொழிலாளர்களோடு நிறுவனங்களுக்கு எழுந்த தகராறுகள் பெரும்பாலும் பணிநீக்க இழப்பீடு பற்றியவை. 1980ஆம் ஆண்டு விதிகளின்படி, ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் 20 நாள் சம்பளம் தர வேண்டும். இரண்டு முதல் ஐந்தாண்டு வரை 15 நாள், அதற்குக் குறைந்தால் 10 நாள். தொழிலாளர் இலாகா நடத்தும் லேபர் கோர்ட்டில் முறையிடுபவருக்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை. தொழிற்சங்கத் தலைவர் உடன் வந்து பேசலாம். அங்கே நிறுவனத்தின் தற்காப்புச் செலவு தோட்ட மேலாளரின் சில நாட்களும் சம்பளப் பதிவேடும் மட்டுமே. செக்ரோல் எனப்படும் அந்தப் பதிவேடு சரியாக இருந்தால் ஒரு காலைப் பொழுதில் கணக்கு முடிந்துவிடும். முப்பது வருடம் பால் வெட்டியவரின் முதல் பத்து வருடப் பதிவு, தோட்டம் இரண்டு மூன்று கை மாறியதில் காணாமல் போயிருந்தால்தான் இழுபறி. வேலைநீக்கம் நியாயமற்றது என்ற புகார் தொழிலியல் நீதிமன்றத்துக்குப் போனால் கணக்கு வேறு. தோற்ற நிறுவனம் 24 மாதம் வரை பின்சம்பளம் தர நேரலாம். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரையிலான புகாருக்கு வழக்கறிஞரே நிற்கக் கூடாது, நிறுவனம் தன் சம்பளப் பட்டியலில் உள்ள முழுநேர ஊழியரை அனுப்ப வேண்டும். இப்படிச் செலவைக் கட்டிவைக்கும் மன்றங்களில் சின்ன நிறுவனங்கள் பிழைத்துக்கொள்கின்றன. உயர் நீதிமன்றத்தின் கதவைத் தாண்டிய பிறகு அந்த உச்சவரம்பு இல்லை.

அதனால்தான் ஒரு கட்டத்துக்கு மேல் நிறுவனங்கள் சமரசத்தை நாடுகின்றன. மலேசிய நீதிமன்ற விதிகளில் இதற்கென ஒரு கருவி இருக்கிறது. பிரதிவாதி எழுத்து மூலம் ஒரு சமரசத் தொகையை முன்வைக்கலாம். வாதி அதை மறுத்து, பின்பு தீர்ப்பில் அதைவிடக் கூடுதலாக எதுவும் பெறவில்லை என்றால், அந்த முன்மொழிவு வைத்த நாளிலிருந்து பிரதிவாதிக்கு ஆன செலவை வாதி தாராளமான அளவுகோலில் ஏற்க வேண்டி வரும். நல்ல வழக்கறிஞர் இதை வழக்கின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவார். கேட்கும் மனநிலை நிறுவனத்துக்குப் பொதுவாகக் கடைசியில்தான் வருகிறது.

கொடைக்கானலில் நடந்தது இதற்கு நம் காலத்து எடுத்துக்காட்டு. அங்கே இருந்த ஹிந்துஸ்தான் யூனிலீவரின் வெப்பமானி ஆலை, பாதரசக் கழிவு வெளியானதை அடுத்து 2001இல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 2006இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். தொழிலாளரின் உடல்நலக் கேட்டுக்கு ஆலை காரணம் இல்லை என்று நிறுவனம் பத்தாண்டு வாதாடியது. 2015இல் சென்னைப் பாடகி சோஃபியா அஷ்ரஃப் வெளியிட்ட ஒரு ராப் காணொளி உலகம் முழுக்கப் பரவியது. சோப்பும் ஷாம்பும் விற்கும் நிறுவனத்துக்கு அதன் பெயர்தான் முதல். 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளரோடு சமரசம் ஏற்பட்டது. வழக்கு முடிந்தாலும் மண்ணைத் துப்புரவாக்கும் பொறுப்பு தனியே நின்றது.

புக்கிட் மேராவிலும் அப்படித்தான். நீதிமன்றத்தில் வென்ற ஆலையின் வளாகம், கட்டடங்கள், கழிவுக் கிடங்கு எல்லாம் கதிரியக்கம் தோய்ந்தவை. அவற்றை அப்படியே விட்டுப் போக அணுசக்திச் சட்டம் இடம் தரவில்லை. 2011 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட செய்தியின்படி, மிட்சுபிஷி கெமிக்கல் ஏற்றுக்கொண்ட துப்புரவுப் பணியின் மொத்தச் செலவு 10 கோடி அமெரிக்க டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 30 கோடி வெள்ளி. 11,000க்கும் மேற்பட்ட லாரிச் சுமை அசுத்தப் பொருள்கள் அப்புறப்படுத்தப்பட்டன. 80,000 இரும்புப் பீப்பாய்களில் அடைத்திருந்த கழிவைக் கிளேடாங் மலையில் காங்கிரீட்டுக்குள் புதைக்கும் வேலை நடந்தது. ஊர் மக்களோடும் நிறுவனம் நீதிமன்றத்துக்கு வெளியே ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. ஊரில் கண்ட நோய்களுக்குத் தான் பொறுப்பில்லை என்று கூறிக்கொண்டே, ஊர்ப் பள்ளிகளுக்கு 1,64,000 டாலர் நன்கொடை கொடுத்தது. ஆலையைத் துடைத்தெடுக்க ஆன செலவு அதைப் போல ஏறத்தாழ 600 மடங்கு.